உங்கள் தங்கை ஓய்வெடுக்கப் போன விவரம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை திங்கட்கிழமை காலை என் வீட்டை விட்டுக் கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். காரணம், நான் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்தது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நான் நலமாயில்லை, அதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது. போன் செய்தால் அவள் எடுக்கிறாள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். உங்கள் போனுக்கு அடித்தாலும் அவளே எடுக்கிறாள். ஆகவே உங்கள் பக்கம் சிமெண்ட் இறக்க வருகிற லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லுவேன்.

என் கடை உங்களுக்குத் தெரியும். ஆணி, தாழ்ப்பாள், பைப், பெயிண்ட். வெறுங்கையோடு ஆரம்பித்தவன் என்பதால் ஷட்டரை இறக்க எனக்கு மனசே வராது. ஞாயிறு காலை கோயில், மத்தியானம் கடை என்றுதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் யூதர். வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் கடையை அடைத்தார் என்றால், சனிக்கிழமை இருட்டி வானத்தில் நட்சத்திரம் தெரிகிறவரை உலகமே புரண்டாலும் திறக்க மாட்டார். இவர் எப்படிப் பிழைக்கப் போகிறார் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனுஷன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை மாதிரி முகத்தோடு வந்து உட்காருகிறார், வாடிக்கைக்காரர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். நான் ஒரு நாளும் அடைக்காமல் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொருவர்மேலும் எரிந்து விழுகிறேன். நன்றாக ஓடுகிற சரக்கு எதுவோ அதை நானும் வாங்கிப் போடுகிறவன். அவருக்கு ஏழாம் நாள், நமக்கு ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள். நாள் வேறாக இருந்தாலும் ஓய்வுநாள் கட்டளை ஒன்றுதானே என்று நினைத்து, இனி ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு துரும்பையும் அசைக்க மாட்டேன் என்று அறிவித்தேன். உங்கள் தங்கைதான் முதலில் சந்தோஷப்பட்டாள். "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றாள்.

எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதுதான் வம்பாகிவிட்டது. கட்டளையில் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு சொல்லியிருக்கிறது. நம்மிடம் மாடு ஏது, கழுதை ஏது, மூட்டை சுமக்கிறது நம் வேன்தான், ஆகவே வேனுக்கும் ஓய்வு என்று சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கோயிலுக்கு நடந்தே போனோம். உங்கள் தங்கை புதுச் செருப்பு போட்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை, திரும்பி வரும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததைக் கவனித்தேன். வீட்டுக்கு வந்தால் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. ஊருக்கெல்லாம் வாஷர் விற்கிறவன் வீட்டில் வெள்ளம். நான் எழுந்திருக்கவில்லை, இன்றைக்கு ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் துணியைச் சுற்றிக் கட்டினாள், வாளி வைத்தாள், வாளி நிரம்ப நிரம்பக் கொண்டுபோய்க் கொட்டினாள். அதே நேரம் பார்த்து, கடை பூட்டியிருக்கிறதே என்று கட்டட காண்ட்ராக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வியாபாரம் பேசமாட்டேன், வாயைத் திறந்தாலே வியாபாரம்தான் வரும் என்பதால் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்று அவளையே அனுப்பினேன். அவள் போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது: "அவர் ரெஸ்ட் எடுக்கறாருங்க. நான்தான் இப்ப வாட்ச்மேன்."

அதற்கடுத்த ஞாயிறு இன்னும் மோசம். வேலைக்காரனுக்கும் ஓய்வு உண்டு என்று இருப்பதால், கடையில் மூட்டை தூக்குகிறவர்களையும் டிரைவரையும் "நம்ம வீட்டுக்கு வாங்க, ஜம்முனு சாப்பிட்டுப் படுங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். அவளிடம் சனிக்கிழமை ராத்திரி சொன்னேன். எல்லாரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கூடத்தில் வரிசையாகப் படுத்துக் குறட்டை விட்டார்கள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சாயங்காலம் அவர்கள் போனதும் அவள் கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள்.

"அந்தக் கட்டளையில யார் யாரெல்லாம் இருக்காங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

"நீ, உன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வீட்டுக்கு வந்த அந்நியன்."

"பொண்டாட்டி எங்க?"

"அது... 'நீ'ங்கறதுல இருக்கும்."

"இருக்கும்னா? கழுதைக்குத் தனியா பேர் சொல்லியிருக்கு. எனக்கு மட்டும் இருக்குமா?"

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் போதகர் வீட்டுக்கு நடந்தேன். அவர் சிரித்துவிட்டு, "புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணுங்க. 'நீ'ன்னு சொன்னா ரெண்டு பேருக்கும்தான்" என்றார். குழாய் விஷயத்தையும் கேட்டேன். "ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்கிவிட மாட்டீங்களான்னு ஆண்டவரே கேட்டிருக்காரு. குழாயை மூடினதுக்கா உங்களைப் பிடிச்சு உள்ளே போடுவாரு?" என்றார். நான் ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து, "பாத்தியா, நீயும் அதுல இருக்க" என்றேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். நடந்து வந்த களைப்பில், "ஒரு டீ போடு" என்று சேர்த்துவிட்டேன். அவள் டீ போட்டாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் பெட்டியையும் அடுக்கி முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை கடிகாரக்காரரிடம் போய், "உங்க வழியைப் பார்த்துத்தான் நான் கெட்டேன்" என்று சண்டைக்கு நின்றேன். அவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளிக்கிழமை நான் எதுக்கு மத்தியானமே கடையை மூடறேன்னு நினைச்சீங்க?"

"சாமி கும்பிடத்தான்."

"வெங்காயம் உரிக்க. வீடு பெருக்க. பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு நாள் சாப்பாடும் தயாரா இருக்கணும். என் வீட்டுக்காரி விளக்கேத்திட்டான்னா அதுக்கப்புறம் எங்க வீட்ல அடுப்பு மூட்ட ஆள் கிடையாது, அவளும் கிடையாது. எங்க முன்னோர் எகிப்துல அடிமையா இருந்தவங்க, முதலாளி. லீவே இல்லாத வேலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க கிட்டத்தான், உன்கிட்ட வேலை செய்றவங்களையும் உட்காரவைன்னு சொல்லியிருக்கு. நீங்க ஞாயித்துக்கிழமையும் முதலாளியாவே இருந்திருக்கீங்க."

காசு வாங்காமல் இவ்வளவு காட்டமாக ஒருத்தர் பேசி நான் கேட்டதில்லை. என் கடைக்கே திரும்பி வந்துவிட்டேன்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. அந்தக் காண்ட்ராக்டர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார், போகட்டும். எடுத்த முடிவில் பின்வாங்குவதாக இல்லை. ஆனால் உங்கள் தங்கை இல்லாத வீட்டில் ஓய்வு எடுப்பதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான், வருகிற ஞாயிறை அப்படிக் கழிக்க என்னால் ஆகாது. என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காய் நறுக்கித் தருவேன், சமையல் அவளுடையது. கோயிலுக்கு வேன் ஓடும். குழாய் ஒழுகினால் நான் பார்ப்பேன். வேலைக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் வருவார்கள். ஞாயிறு டீ மட்டும் அவள் போடவேண்டும், ஏனென்றால் நான் போடுவதை மனுஷர் குடிக்க முடியாது. இதற்குக் கீழே இறங்க மாட்டேன். மூத்தவர் என்ற முறையில் நீங்கள் நல்ல வார்த்தை சொல்லி, கண்டிப்பாகவும் இரண்டு வார்த்தை சொல்லி, வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றிவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறையில்லாமல் வளர ஆண்டவர் துணை நிற்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அவளே போன் செய்துவிட்டாள். நான் மேலே சொன்ன தரப்பையெல்லாம் விட்டுவிடுங்கள், கண்டிப்பாகப் பேசவும் வேண்டாம். பேசி முடித்தது இதுதான். சனிக்கிழமை சமையல் முழுக்க என்னுடையது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து வழி சொல்லுவாள், அதுவும் நான் கேட்டால். ஞாயிறு டீயை நானே போட்டு நானே குடிக்கவேண்டும். விருந்தாளி யாரைக் கூப்பிட்டாலும் பாத்திரம் நான் கழுவுவேன். இந்த வாரம் மட்டும், சமையல் முடிந்துவிட்டது என்று நான் போன் செய்த பிறகு, சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில்தான் அவள் ஏறுவாள். கடைசியாக ஒன்று கேட்டாள்: ஞாயிறு மத்தியானம் எனக்குப் பரிமாறிவிட்டுத் தனியாகச் சாப்பிட மாட்டாளாம், நானும் அவளும் ஒரே நேரத்தில் உட்காரவேண்டும், சாப்பிட்டு முடிக்கிறவரை எதற்காகவும் அவளை எழுப்பக்கூடாது. அதற்கு மட்டும் பேரம் பேசாமல் சரி என்றேன்.