திம்பிள் தோண்டாத குழி

தேநீர்க் கோப்பையை மேசையில் நங்கென்று வைத்துவிட்டு, நார்மன் சார்ல்டன் அறிவித்தார்: "இந்த வீட்ல ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல லீக்ஸ் இருக்கணும்!"

ஹில்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. "லீக்ஸ் வாலாட்டாது. நாயைப் போட்டு சூப் வைக்க முடியாது. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்."

இங்கிலாந்தின் வடகோடி நார்தம்பர்லாந்தில் சுரங்கம் மூடிப்போன ஊர்களில் ஆண்களுக்கு மிஞ்சியது முழங்கால் வலியும் லீக்ஸ் போட்டியும்தான். வெங்காயத்தாளுக்கு அண்ணன் முறையான அந்தச் செடியைக் குழந்தையின் தொடை பருமனுக்கு வளர்ப்பார்கள். செப்டம்பரில் ஊர் மன்றத்து மேசைமேல் கிடத்தி, நடுவர் நாடா வைத்து அளக்கும்போது மூச்சுவிடாமல் நிற்பார்கள். ஒரு கீறல் இருந்தால் போச்சு. நார்மன் தன் பாத்திக்கு எலும்புத்தூள், உலர்ந்த இரத்தம், பழைய பீர் எல்லாம் ஊட்டியிருந்தார். கட்டிய மனைவிக்கும் சொல்லாத ரகசியக் கலவை. மூக்கு இருக்கும் எவருக்கும் தெரிந்த கலவை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான், அந்த வசந்தத்தில், ஹில்டா யாரையும் கேட்காமல் ஒரு பார்டர் டெரியர் குட்டியைக் கூடையில் கொண்டுவந்தாள். நீர்நாய்த் தலை, தேங்காய் நார் முடி, பெயர் திம்பிள். மலைக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கும் வால்டர் கொடுத்தது. மண்ணைத் தோண்டுவதற்கென்றே பிறந்த இனம்.

"சரி கண்ணு," என்றாள் ஹில்டா. "திம்பிள் ஒரே ஒரு லீக்ஸைத் தோண்டினாலும் அன்னைக்கே வால்டர்கிட்ட அனுப்பிடலாம். தோண்டலேன்னா இங்கேயேதான். பேச்சு மாறக் கூடாது."

முப்பத்தெட்டு வருடத்தில் இதற்கு முன் ஹில்டா அவரைக் 'கண்ணு' என்று அழைத்தது மூன்றே முறை. முதல் முறை மோட்டார் சைக்கிள் போனது. இரண்டாம் முறை மீசை போனது. மூன்றாம் முறை அவளுடைய அக்கா ஒரு மாதம் தங்க வந்தாள். நார்மன் அதையெல்லாம் மறந்து ஒப்புக்கொண்டார்.

அவரிடம் திட்டம் இருந்தது. பாத்தியின் ஓரத்தில் போட்டிக்கு உதவாத ஒரு சோனிச் செடி. அதன் வேருக்குக் கீழே புகைபோட்ட மீன் தலை ஒன்றைப் புதைத்தார். திம்பிளைக் கூட்டிவந்து அவிழ்த்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றார்.

திம்பிள் வந்து அவருடைய பூட்ஸ் மேல் உட்கார்ந்து, தானும் வானத்தைப் பார்த்தது.

இரண்டாம் நாள் இரண்டு மீன் தலை. மூன்றாம் நாள் ஆட்டெலும்பு. ஊர்ப் பூனைகளெல்லாம் வேலிமேல் வரிசைகட்டின. திம்பிள் மட்டும் பூட்ஸை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் நார்மன் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணைப் பின்னுக்குத் தள்ளிக் காட்டினார்.

அடுத்த வீட்டு எரிக் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "என்னப்பா, பல்செட்டைத் தொலைச்சிட்டியா?"

"நாய்க்குத் தோண்டக் கத்துக் குடுக்கிறேன்."

"டெரியருக்கா? மீன்குஞ்சுக்கு நீச்சல் வகுப்பு எப்ப ஆரம்பிக்கிற?"

ஐந்தாம் நாள் நார்மன் துணிந்துவிட்டார். சோனிச் செடியைத் தானே பிடுங்கி எறிந்தார். ஈர மண்ணை அள்ளித் திம்பிளின் முன்னங்கால்களில் பூசினார். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து அது ஒரு காலுக்குப் பின் இன்னொரு காலைத் தானே நீட்டியது. அப்போது அதன் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"பாத்தியா ஹில்டா! தோண்டிடுச்சு!"

ஹில்டா திம்பிளின் கால்களைப் பார்த்தாள். நார்மனின் நகங்களைப் பார்த்தாள். ஒரு சண்டை வரும், கொஞ்சம் அழுகை வரும் என்று அவர் காத்திருந்தார். அவளோ சங்கிலியை எடுத்து நீட்டினாள்.

"பேச்சு பேச்சுதான். கிளம்பு."

"இப்பவேயா?"

"இன்னைக்கு பஸ் இல்ல. மலை வழியா ரெண்டு மணி நேரம். இந்தா, சாண்ட்விச். உனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு."

மலைப்பாதையில் திம்பிள் பத்தடி ஓடும், உட்கார்ந்து திரும்பிப் பார்க்கும், அவர் வந்து சேர்ந்ததும் அடுத்த பத்தடி. பாதி மலை ஏறிய பிறகுதான் நார்மனுக்கு உறைத்தது: மூச்சு வாங்க அவர் எங்கேயும் நிற்கவில்லை. போன குளிர்காலத்தில் கேட் வரைக்கும் போவதே பெரிய பயணம். வேலை நின்றபின் பதினொரு மணிக்கு எழுவார். செய்தித்தாளை விரித்தபடி பக்கம் புரட்டாமல் சாயங்காலம் வரை இருப்பார். டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கே நடப்பது என்று கேட்டார் நார்மன். வசந்தத்திலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஓர் ஈர மூக்கு அவர் காதில் அதற்குப் பதில் சொல்லிவந்தது. அந்த மூக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் எதற்காகக் கொண்டுவந்தாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. நாயிடம் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. சுற்றிப் பார்த்தார். ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. சொல்லிவிட்டார். இரண்டு சாண்ட்விச்சையும் திம்பிளுக்கே கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

வாசற்படி ஏறும்போதே பொய்யும் தயாராக இருந்தது. "ஹில்டா! வால்டர் வீட்ல ஆளே இல்ல. மூணு தடவை தட்டினேன். பூட்டியிருக்கு. என்ன பண்றது, இதைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"எங்க கதவுக்குப் பூட்டே கிடையாதே நார்மன்," என்று சமையலறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. வால்டர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டைத் தாண்டினதும் போன் போட்டேன். வேன்ல வந்துட்டாரு," என்றாள் ஹில்டா. "ஒருவேளை நீ அங்க போய்ச் சேந்துட்டா, வாங்கிக்க ஆள் இருக்கக் கூடாதுல்ல?"

நார்மன் சங்கிலியை ஆணியில் மாட்டினார்.

"நாய் தோண்டுதுன்னு ஹில்டா சொன்னா," என்றார் வால்டர், விரலில் ஒட்டிய கேக்கை நக்கியபடி. "தனியா இருந்தா அப்படித்தான். துணை சேத்துட்டா நின்னுடும்." மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு நீர்நாய்த் தலை எட்டிப் பார்த்தது. "இவ திம்பிளோட அக்கா."

"ரெண்டா!" என்றார் நார்மன். "ஹில்டா, அந்தச் செடியை உண்மையில..."

"சொல்லு," என்றாள் ஹில்டா, மிக அன்பாக. "வேற யாராவது தோண்டியிருந்தாலும் சொல்லு. தோண்டினது யாரோ அவங்களைத்தானே வால்டர்கூட அனுப்பறதா பேச்சு? வேன்ல இடம் இருக்கு."

நார்மன் இரண்டாவது நாய்க்கும் ஒரு சோற்றுக் கிண்ணம் தேடி அலமாரியைத் திறந்தார்.