பேண்டு மாஸ்டர் வீட்டுக் கடல்

கோலார் தங்கவயலில் குழம்பாமல் ஒரு காரியத்தையும் செய்து முடித்ததில்லை என்று பெயர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு பேண்டு மாஸ்டர்தான். கல்யாண வீடு என்று நினைத்துக் கருமாதி வீட்டு வாசலில் நின்று துள்ளல் பாட்டு வாசித்தவர் அவர். அந்த வீட்டார் அழுகையை நிறுத்திவிட்டு முழுப் பாட்டையும் கேட்டார்கள், அது வேறு விஷயம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தங்கவயலில் நாங்கள் இருந்த ஊரிகம் பகுதியில் யாருக்கும் அது தெரியாது.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் ஊரிகம் வந்தேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். நான் வந்த வாரமே மாஸ்டர் ஒரு தம்ளரோடு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாருங்க. உப்பு சரியா கீதா?"

புதுப் பெண்ணின் சமையல் ஞானத்தைச் சோதிக்கிறாராக்கும் என்று நினைத்து வாயில் விட்டேன். குமட்டிக்கொண்டு வந்தது. மரியாதைக்காக, "கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. அது மீன் தொட்டித் தண்ணீர் என்று என் வீட்டுக்காரர் சொன்னது நான் விழுங்கின பிறகுதான்.

சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு துரை ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது, தன் வீட்டுப் பார்ட்டிகளில் வாசித்த மாஸ்டருக்கு அந்தக் கண்ணாடித் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கடல் மீன்களும், தண்ணீருக்குள் குமிழி விடும் ஒரு சின்ன கரண்ட் பம்பும் கூடவே வந்தன. மாஸ்டர் கடலைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. இரண்டு மீனில் எது எது என்று அவருக்குக் கடைசிவரை அடையாளம் தெரியவில்லை. அதனால் இரண்டுக்குமே துரை என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் நலம் விசாரித்தால், "ரெண்டு துரையும் நல்லா கீறாங்க" என்பார்.

ரயிலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் மெட்ராஸிலிருந்து ஊறுகாய் ஜாடிகளில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். மாஸ்டர் பங்காருபேட்டை ஸ்டேஷனுக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது மாதிரி மடியில் வைத்து வருவார். தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம், உப்பும் சேர்ந்துதானே குறைந்திருக்கும் என்று ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுவிடுவார். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயேதான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் முழுக்க அவருக்கு விளக்கினார். மாஸ்டர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்போ உப்பு எங்க போவுது சார்?" என்றார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெருங்காற்று அடித்து, எங்கள் வீட்டு வரிசையில் ஒரு மரம் கரண்ட் கம்பி மேல் சாய்ந்தது. சுரங்க புண்ணியத்தில் எங்களுக்குக் கரண்ட் போய்ப் பழக்கமில்லை. மாஸ்டர் முதலில் பம்பைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஃப்யூஸைக் கழற்றி மாட்டினார். பிறகு வீடு வீடாகப் போய், "உங்க வீட்ல குமிழி வருதா?" என்று கேட்டார். தொட்டி வைத்திருந்தது ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

திரும்பி வந்து பார்த்தால் இரண்டு மீனும் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தன்னைப் பார்க்க வந்திருக்கின்றன என்று மாஸ்டருக்கு ஒரே பூரிப்பு. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துகொண்டு வருகிறது, இப்படியே விட்டால் செத்துவிடும் என்று சொன்னபோது, மாஸ்டர் மறுபடியும் பம்பைத் தட்ட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய பேண்டு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம் தங்கவயலின் இன்னொரு பகுதியான கோரமண்டலில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு, அதற்கு ஒத்திகை. மாஸ்டர் அவர்களைப் பார்த்தார், பம்பின் ரப்பர் குழாயைப் பார்த்தார். ஒத்திகையை ரத்து செய்து எல்லோரையும் குழாயில் ஊதச் சொன்னார்.

முதலில் பெரிய குழல் வாசிக்கும் முனுசாமி ஊதினார். சுரங்கத்துக்குள் இறங்காத, கெடாத நுரையீரல் அவருக்கு. தண்ணீர் கூரை வரை போய் எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. பிறகு கிளாரினெட் ஆரோக்கியம் பதமாக ஊதினார். குமிழி வந்தது. வாய் வலித்தால் அடுத்த ஆள் என்று ஷிப்ட் போட்டு ஊதினார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "மாஸ்டர், நாம வெளிய விடறது கெட்ட காத்து. அது மீனுக்கு ஆகாது."

மாஸ்டர் யோசித்தார். "அப்போ நல்ல காத்தா இழுத்து, உள்ள வச்சுக்காம உடனே ஊதச் சொல்றேன் சார்."

ஆறு வகுப்புகளுக்குப் பாடம் எடுத்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். எனக்கு அந்தக் காற்றுக் கணக்கு புரியவில்லை. ஆனால் சூடான காப்பியை ஆற்றும்போது காற்று கலக்குமே என்று தோன்றியது. வீட்டிலிருந்து எவர்சில்வர் தம்ளரை எடுத்துவந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஆற்ற ஆரம்பித்தேன். மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. என் ஆற்றலாலா, ஆரோக்கியத்தின் ஊதலாலா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் இரண்டையும் நிறுத்தப் பயம்.

பேண்டை அழைத்துப்போக ஜட்கா வண்டியோடு வந்திருந்த, கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே சீருடை போட்ட ஆட்கள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய் விட்டு ஊதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை தண்ணீரை ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா மாஸ்டர் இது? அங்க மாப்பிள்ளை ரெடியாயிட்டாரு."

துரைகளை விட்டுவிட்டு வரமுடியாது என்று மாஸ்டர் சொன்னார். எந்தத் துரை என்று மாமன் கேட்டார். இரண்டு பேரும் என்று மாஸ்டர் சொன்னார். மாமன் தலையைப் பிடித்துக்கொண்டார். கோரமண்டலில் கரண்ட் இருக்கிறது என்று வண்டிக்காரர் சொன்னார். இல்லை என்று முனுசாமி சொன்னார். முடிவில் மீன்களைத் தண்ணீரோடு ஒரு எனாமல் வாளிக்கு மாற்றி, வாளியையும் என்னையும் வண்டியில் ஏற்றினார்கள். பம்பை எடுத்துவர வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வழி நெடுக ஆற்றிக்கொண்டே போனேன். கல்யாண வீட்டுக்கென்று அவசரமாகக் கட்டின என் பட்டுப்புடவை பாதி உப்பாகிவிட்டது. கோரமண்டலில் விளக்கெல்லாம் ஜகஜோதியாக எரிந்தது. ஆனால் காலையிலிருந்து ஊதின பேண்டு ஆட்களுக்கு உதடு வீங்கி இட்லி மாதிரி ஆகியிருந்தது. வாசித்தார்கள், பசுமாடு கன்றைக் கூப்பிடுவது போல ஒரு சத்தம் வந்தது. மாஸ்டரோ ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் வந்த வண்டியில் இருந்த வாளியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தார்.

மண்டபத்தில் வாளியை ஓர் ஓரமாக வைத்து நான் ஆற்றிக்கொண்டிருந்தேன். யாரோ அதைச் சீர்வரிசையில் சேர்த்தி என்று நினைத்துக் குங்குமம் வைத்து, பூச்சுற்றிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து குனிந்து பார்த்தாள்.

"பொண்ணு வீட்ல இதைக்கூடச் செய்றாங்களா? ரொம்ப லட்சணமா கீதே. உள்ள எடுத்து வையுங்க."

இரண்டு பெண்கள் வாளியைத் தூக்கப் போனார்கள். மாஸ்டர் ஓடிவந்து வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மாள் முகம் மாறியது. கொடுத்த சீரை பேண்டுக்காரன் பிடுங்குகிறான் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு சத்தம் கிளம்பியது. மாமன் இங்கும் சொல்லமுடியாமல், அங்கும் சொல்லமுடியாமல் விழித்தார். மாஸ்டர் கைப்பிடியை மட்டும் விடவில்லை.

அப்போது கல்யாணப் பெண் சரோஜா அலங்காரத்தோடு வெளியே வந்தாள். ஊரிகத்தில் எங்கள் வரிசைக்குப் பின் வரிசைப் பெண். அவளும் என்னைப் போல அந்தத் தொட்டித் தண்ணீரை ருசி பார்த்தவள்.

"அத்தை, அது எங்க மாஸ்டர் வீட்டு மீனு. காலையிலருந்து உசுரு போவாம பாத்துனு இருக்காங்க" என்றாள். பிறகு மருதாணிக் கையால் என்னிடமிருந்து தம்ளரை வாங்கி, கழுத்து நிறைய நகையோடு குனிந்து ஆற்ற ஆரம்பித்தாள்.

சம்பந்தியம்மாள் யாரையோ கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு கை வலிக்கும், இன்னொரு சொம்பு கொண்டாங்க, மாத்தி மாத்தி ஆத்தலாம்" என்றாள்.

நாங்கள் ஊரிகம் திரும்பினபோது எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வண்டி தெருமுனை தாண்டின உடனேயே கரண்ட் வந்துவிட்டதாம். மாஸ்டர் வீட்டில் மீன் இல்லாத தொட்டியில் பம்பு தன்பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் மீன்களை உள்ளே விட்டார். இரண்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் குமிழியில் போய் நின்றன. அவர் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். நாங்களும் வந்துவிட்டோம்.

மறுநாள் காலை நான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. மாஸ்டர் முழுச் சீருடையில், தன் ஆட்களோடு, எங்கள் வீட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வீங்கின உதடுகளோடு அவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். தாலாட்டு மாதிரி ஆரம்பித்து, மார்ச் மாதிரி போய், நடுவில் ஏதோ கோயில் பாட்டில் திரும்பியது. என்ன பாட்டு என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விளங்கவில்லை. வாசித்தவர்களுக்கும் விளங்கியிருக்காது.

உள்ளே பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிற வாசனை வந்தது. அவர்கள் முடிக்கிறவரைக்கும் நான் வாசலை விட்டு நகரவில்லை.