இஸ்திரி வண்டிக்கு அடியில் ஒரு நாயுருவி

பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பல்லிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. குப்பைமேனிச் செடிக்குப் பயந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். (அது என்ன செடி என்கிறீர்களா? உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கும். அவ்வளவு சாதாரணம். அதனால்தான் அவமானமும் அதிகம்.)

விஷயம், கல்யாணம். நானும் கார்த்திக்கும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவன் மயிலாப்பூர், நான் தி.நகர். எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சேலைக்கடை வைத்தவர். நான் அழுது அடம்பிடித்ததில், "பையன் வீட்டுல இருந்து முறையா வந்து கேக்கட்டும், தாரேன். வரலைன்னா தை பொறந்ததும் நம்ம ஊரு மாப்பிள்ளைதான், பாத்துக்க" என்று பாதி இறங்கி வந்திருந்தார்.

வந்து கேட்க வேண்டியவர் கார்த்திக்கின் அம்மா, விஜயா மாமி. கார்த்திக்குக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் காபிப்பொடி முதல் கல்யாணம் வரை மாமி வைத்ததுதான் சட்டம். மாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை ஒரு நல்ல ஹோட்டலில் வைத்துச் சந்திக்கலாம் என்று கார்த்திக் சொன்னதற்கு மாமி ஒப்பவில்லை.

"ஹோட்டல்ல பார்த்தா எல்லாப் பொண்ணும் நன்னாத்தான் இருப்பா. ஞாயித்துக்கிழமை கார்த்தால எங்களோட செடி பார்க்க வரச் சொல்லு."

செடி பார்ப்பது என்றால் பூங்காவில் ரோஜா பார்ப்பது இல்லை. மாமியும் அவரைப் போன்ற சிலரும் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு தெருவில் இறங்குவார்கள். சுவர் ஓரத்தில், சாக்கடை ஓரத்தில், பிளாட்பாரம் விரிசலில் தானாக முளைத்ததையெல்லாம் குனிந்து பார்த்துப் பெயர் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். யாரும் தாவரவியல் படித்தவர்கள் இல்லை, எல்லாம் ஆசைதான். புதிதாக வருகிறவருக்கு ஒரு தெருவைக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். அந்தத் தெருவில் அவர்தான் முன்னால் நடந்து பெயர் சொல்ல வேண்டும். போன் பைக்குள் இருக்க வேண்டும். எதையும் பறிக்கக் கூடாது. தெரியாததைத் 'தெரியாது' என்று சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள்.

இந்தக் கடைசி விதியையும் கார்த்திக் என்னிடம் சொல்லத்தான் சொன்னான். எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. எங்கள் கடையில் 'தெரியாது', 'இல்லை' இரண்டும் தடை செய்யப்பட்ட வார்த்தைகள். மயில்கழுத்து நிறம் கேட்டு, அது இல்லையென்றால், கைக்கு வந்த பச்சையை விரித்துப் போட்டு, "இப்போ இதைத்தாம்மா மயில்கழுத்துங்காங்க" என்று சொல்ல வேண்டும். அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவள் நான்.

போதாததற்கு, "தெக்கத்திப் பொண்ணு, செடியெல்லாம் தண்ணி பட்ட பாடா இருக்கும்" என்று மாமி வேறு நம்பிக்கொண்டிருந்தாராம். நான் பிறந்து வளர்ந்தது பனகல் பார்க் பக்கம். எனக்குத் தெரிந்த பச்சைகள் பாட்டில் பச்சை, கிளிப்பச்சை, மெகந்திப் பச்சை.

"பயப்படாதே. அடையாறுல உனக்கு எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் போய் ஒத்திகை பார்த்துடலாம்" என்றான் கார்த்திக். சின்ன வயதிலிருந்து அம்மாவோடு அந்தத் தெருவில் நடந்தவன். ஆகவே நம்பினேன்.

சனிக்கிழமை அவன் காட்டக் காட்ட நான் மனப்பாடம் செய்தேன். எப்படி? எங்கள் கடையில் யாரும் சரக்கைப் பார்த்துச் சரக்கை எடுப்பதில்லை. சாமி படத்துக்குக் கீழே சுங்குடி, மாடிப்படிக்கு அடியில் காட்டன் என்று இடம்தான் கணக்கு. கண்ணை மூடிக்கொண்டே கை போகும். அதே முறையில் டிரான்ஸ்பார்மர் என்றால் குப்பைமேனி, பச்சை கேட் என்றால் மூக்கிரட்டை, உடைந்த சாக்கடை மூடி என்றால் கீழாநெல்லி, இஸ்திரி வண்டி என்றால் நாயுருவி என்று அடுக்கி வைத்துக்கொண்டேன். செடியின் மூஞ்சியை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அப்போது அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மாமியின் குழு அந்தத் தெருமுனையில் கூடியிருந்தது. முதல் நாளே கார்த்திக், "ஆன்ட்டின்னு மட்டும் கூப்பிட்டுடாதே, மாமின்னு சொல்லு" என்று எச்சரித்திருந்ததில், நான் பதற்றத்தில் "வணக்கம் டீச்சர்" என்று ஆரம்பித்துவிட்டேன். மாமி சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "வா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒற்றை எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தபடியே முன்னால் நடந்தேன். பின்னால் மாமி. அவர் பக்கத்தில் லென்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த சேகர் சார். அவருக்குப் பின்னால் குழுவினர். எல்லோருக்கும் கடைசியில் கார்த்திக்.

டிரான்ஸ்பார்மர் வந்தது. "குப்பைமேனி. வேரைத் தோண்டினா பூனை வாசம் பிடிச்சு ஓடி வரும், மாமி."

"அட, பூனை சமாச்சாரம் வரைக்கும் தெரிஞ்சிருக்கே!" என்றார் சேகர் சார்.

பச்சை கேட்டில் மூக்கிரட்டையைச் சொன்னேன். சாக்கடை மூடி அருகே நின்று, "கீழாநெல்லி. இலைக்கு அடியில காய் வரிசையா தொங்கும்" என்றேன். மாமியின் முகத்தில் லேசாக ஒரு மலர்ச்சி. "பேஷ்" என்றார். எனக்கு உள்ளுக்குள் நாதஸ்வரமே கேட்டது. அதற்குப் பிறகு நான் தரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மாமியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இஸ்திரி வண்டி வந்தது. அதன் சக்கரத்தை ஒட்டி இடுப்பளவு உயரத்துக்கு ஏதோ பச்சையாக நின்றது. நான் நிற்கக்கூட இல்லை. கையை நீட்டி, "நாயுருவி" என்றேன்.

பின்னால் வந்த காலடிச் சத்தம் மொத்தமாக நின்றது.

"நன்னாப் பாரும்மா" என்றார் மாமி.

வாடிக்கையாளர் சந்தேகப்பட்டால் குரலை உயர்த்த வேண்டும் என்பது கடையில் நான் கற்ற பாடம். "சந்தேகமே வேண்டாம் மாமி, நாயுருவிதான். வேரை வச்சு பல்லு வெளக்கலாம். பக்கத்துல போனா விதை புடவையில ஒட்டிக்கும்."

"ஒட்டறதா?" என்று மாமி தன் புடவையைப் பார்த்துக்கொண்டார். எதுவும் ஒட்டவில்லை.

சேகர் சார் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றப் பார்த்தார். கீழே உதிர்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்து என் கையில் கொடுத்து, "கசக்கி மோந்து பாரும்மா. அவசரமே இல்ல" என்றார்.

கசக்கினேன். முகர்ந்தேன். அம்மா அடுப்படியில் சாம்பாருக்குத் தாளிக்கும் வாசம். நான் நாயுருவி என்று சாதித்தது கறிவேப்பிலையை. பிறந்த நாள் முதல் தினம் மூன்று வேளையும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த அதே கறிவேப்பிலையை!

'தெரியாது' என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கைதட்டியிருப்பார்கள். ஆனால் பரம்பரை ரத்தம் சும்மா இருக்குமா? என் வாய் தானாகத் திறந்து இப்படிச் சொன்னது:

"இது... கறிவேப்பிலை வாசம் வர்ற நாயுருவி, மாமி."

யாரோ இருமினார்கள். சேகர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, கரியை விசிறிக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

"இன்னாம்மா, வண்டி வழியில கீதா? கேபிளுக்குத் தோண்டுறானுங்கோ, அத்தான் அந்தாண்டேர்ந்து இங்க தள்ளிகினு வந்தேன். நவுத்தணுமா?"

எதிர்ப்பக்கம் பார்த்தேன். நேற்று வண்டி நின்ற இடத்தில், தோண்டிய மண்ணுக்குப் பக்கத்தில், நிஜமான நாயுருவி நீளமாகக் கதிரை நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தை மாதமும், ஊர் மாப்பிள்ளையும், அப்பாவின் முகமும் ஒன்றாகக் கண் முன்னால் வந்தன. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எனக்கு ஒரு செடியும் தெரியாது மாமி. நேத்து கார்த்திக்தான் கூட்டிட்டு வந்து காட்டினாரு. நான் இடத்தை மட்டும்தான் மனப்பாடம் பண்ணேன். வண்டி நகரும்னு தெரியாது."

கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. மாமி மெதுவாகத் திரும்பிக் கடைசியில் நின்ற மகனைப் பார்த்தார்.

"நீயா சொல்லிக்கொடுத்தே? உனக்கு அவ்வளவு தெரியுமா? வா."

அவனைக் கையைப் பிடித்து அடுத்த தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். ஒரு மதில் ஓரம் நிறுத்தி, கீழே கையைக் காட்டினார். "இது என்ன?"

கார்த்திக் செடியைப் பார்த்தான். மதிலைப் பார்த்தான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். கடைசியில் பரிதாபமாகக் கேட்டான்:

"இங்க டிரான்ஸ்பார்மர் எங்கம்மா இருக்கு?"

சேகர் சார் மதிலில் சாய்ந்து உட்கார்ந்தே விட்டார், அப்படிச் சிரிப்பு. அது குப்பைமேனி. அத்தனை வருஷமாக அம்மாவோடு நடந்தவனும் என்னைப் போலவே இடத்தை வைத்துத்தான் ஒப்பேற்றியிருக்கிறான்! மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பரீட்சையில் ஒரே தப்பை எழுதி மாட்டிக்கொண்ட இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை.

"உங்கப்பா எப்போ ஆத்துல இருப்பார்?" என்றார் என்னிடம்.

"மாமி?"

"வந்து பேசணுமோன்னோ? இவனை இனிமே வேற எந்தப் பொண்ணு தலையில கட்டறது? பார்த்தா பாவமா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே தொலைஞ்சு போங்கோ."

அந்த வாரமே மாமி வந்து கேட்டார். சந்தோஷத்தில் அப்பா அவருக்கு மயில்கழுத்து என்று சொல்லி ஒரு பச்சைப் புடவை கொடுத்தார். அது மயில்கழுத்து இல்லை என்று மாமிக்கும் தெரியும்.

கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் கறிவேப்பிலைக்கு அந்தப் பெயரே கிடையாது. "ரசத்துக்கு ரெண்டு நாயுருவி கிள்ளிண்டு வா" என்பார் மாமி. காய்கறிக்காரர்கூடப் பழகிக்கொண்டு, "இந்தா, கொசுறு நாயுருவி" என்று பையில் போடுகிறார். இதையே கேட்டு வளர்ந்த என் மகள் யாழினி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒருநாள் அவளுடைய மிஸ் எனக்குப் போன் செய்தார்.

"உப்புமாவுல என்ன இலைன்னு கேட்டா நாயுருவிங்கறா. தினமும் போட்டுக் குடுக்கறீங்களாமே, குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவது...?"

உண்மையைச் சொல்வதென்றால் இத்தனையும் சொல்ல வேண்டும். "சளிக்கு நல்லது மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியா! எனக்கும் விடாம சளி. கொஞ்சம் குடுத்து விடுங்களேன்" என்றார் அவர்.

மறுநாள் மாமியே பால்கனித் தொட்டியிலிருந்து ஒரு கொத்து ஒடித்து, காகிதத்தில் சுற்றி, யாழினியின் பையில் வைத்து அனுப்பினார். மிஸ்ஸுக்கு இப்போது பரவாயில்லையாம்.