மீசை வைத்த மகள்

பெண்ணினத்தின் விடுதலை வரலாற்றை யார் எழுதினாலும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து மார்ச் மாதம் ஹம்பேர்க்கில் என் வீட்டுக் கூடத்தில் நடந்த கூட்டத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. ஐக்கிய நாடுகள் சபை அந்த ஆண்டைப் பெண்கள் ஆண்டாக அறிவித்திருந்தது. எங்கள் தமிழ் மன்றம் சும்மா இருக்குமா? பெண்களின் துயரம் பற்றி மூன்று மணி நேரம் விவாதித்தோம். ஏழு பேர் கலந்துகொண்டோம். ஏழு பேரும் ஆண்கள். பெண்கள் அடுக்களையில் இருந்தார்கள். துயரத்தைப் பற்றிப் பேசினால் பசிக்காதா?

மன்றத் தலைவனான நான் எழுதிய நாடகத்தையே ஜூலையில் அரங்கேற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. முன்மொழிந்தவனும் நான்தான், இதில் தகுதியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முதலாம் எலிசபெத் ராணி காலத்து நாடகங்களில் தந்தை-மகள் உறவும் பெண்களின் இடமும் என்பது பற்றி இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். நாலு அத்தியாயம் முடிந்துவிட்டது. 'மகள் பேசுகிறாள்' என்ற ஐந்தாம் அத்தியாயம்தான் ஆறு வருடமாகத் தலைப்போடு நிற்கிறது.

என் நாடகமும் அந்த ராணி காலத்துக் கதைதான். அதில் ஒரு பிரபு, தான் பார்த்த மாப்பிள்ளையை மறுத்த மகளைக் கோபுரத்தில் பூட்டி வைக்கிறான். கடைசியில் மனம் மாறி, "மகளே, கதவு திறந்திருக்கிறது. உன் விருப்பப்படி போ" என்கிறான். பிரபுவாக நான். மகளாக, உலோகங்களை ஆராயும் சந்திரமௌலி. அந்தக் காலத்தில் பெண்கள் மேடையேறியதில்லை. பெண் வேடங்களை ஆண்களே போட்டார்கள். வரலாற்றை மீற நாம் யார்?

வடைத் தட்டோடு வந்த என் மனைவி வத்சலா கேட்டாள்:

"அந்தக் காலத்துல வடையையும் ஆம்பளைங்கதான் சுட்டாங்களா?"

இந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

சந்திரமௌலியின் மீசைதான் சிக்கல். எடுக்க மறுத்துவிட்டான்.

"பாஸ்போர்ட் போட்டோல மீசை இருக்கு சார். எடுத்துட்டுப் போனா விசா ஆபீஸ்ல நான்தான் நான்னு யார் நம்புவா?"

மீசையோடேயே ஒத்திகை நடந்தது. திரை மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவள் என் மகள் சியாமளா. பத்தொன்பது வயது. கப்பலில் வந்த என் தமிழ் டைப்ரைட்டரில் நாடகத்தைத் தட்டச்சு செய்தவளும் அவளே. என் அத்தியாயங்களையும் அவளே செய்தாள். பெண்களின் பங்களிப்பை மன்றம் என்றுமே மறுத்ததில்லை.

அவளுக்கு ஒரு சின்ன ஆசை. கீல் நகரத்துக்குப் போய்க் கப்பல் கட்டும் பொறியியல் படிக்க வேண்டும். பிப்ரவரியில் விண்ணப்பத்தை நீட்டினாள். பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கடைசி நாள் ஜூலை பதினைந்து.

"பொண்ணு கப்பல் கட்டறதா? ஆராய்ஞ்சு சொல்றேம்மா."

என் ஆராய்ச்சியின் வேகம் அவளுக்குத் தெரியும். விண்ணப்பத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஞாயிறுதோறும் கேட்டாள், "பார்க்கலாம்" என்றேன். பிறகு உட்கார்ந்து, கொடுங்கோல் தந்தையரைக் கண்டித்து இரண்டு பக்கம் எழுதினேன். அவள் தட்டச்சு செய்தாள்.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு சந்திரமௌலி புடவை தடுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டான். பெண்களின் இன்னல்களை மன்றம் நேரடியாக உணர்ந்தது அப்போதுதான். அவசரக் கூட்டம் கூட்டினோம்.

"மொத்த வசனமும் தெரிஞ்சது சியாமளாவுக்குத்தான்" என்றார் செயலாளர் ரகுநாதன்.

உறுப்பினர் உமாபதி துள்ளி எழுந்தார். "பொம்பளைங்க மேடை ஏறினதில்லைன்னு சார்தானே நமக்கெல்லாம் லெக்சர் கொடுத்தாரு? இப்ப ஹிஸ்டரி என்ன ஆறது?"

"பொண்ணு வேஷம் போட்ட ஆம்பளை மாதிரி நடிக்கட்டுமே?" என்றார் ரகுநாதன்.

"ஆம்பளைன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மீசை ஒட்டிடலாம்."

ஏகமனதாக நிறைவேறியது. சியாமளாவிடம் சொன்னேன்.

"சரிப்பா" என்றாள்.

மகள் வாதாடாமல் 'சரி' என்றால் அடுத்த காட்சியில் விபரீதம் காத்திருக்கிறது என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன். அதை நானும் ஒரு தடவை படித்திருக்கலாம்.

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. தேவாலயத்துச் சமூகக் கூடத்தில் எண்பது பேர். முன்வரிசையில், ஜெர்மன் மொழிக் கதைச் சுருக்கத்தோடு, என் பேராசிரியர். மீசையோடு வந்த சியாமளாவைப் பார்த்து முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. "என் கால் என்னுடையதா, அப்பா? அப்படியானால் அது போகும் வழி யாருடையது?" என்று அவள் கேட்டபோது, இதை எழுதியது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கடைசிக் காட்சி. கோபுர வாசலில் அவள். எதிரில் நான். நான் சொல்ல வேண்டியது ஒரே வசனம்.

மறந்துவிட்டது.

திரை மறைவைப் பார்த்தேன். யாரும் இல்லை. எடுத்துக் கொடுக்க வேண்டியவள் மேடையில் நிற்கிறாளே!

"சொல்லுங்கப்பா" என்றாள் மெதுவாக.

மறுபடி திரை மறைவைப் பார்த்தேன்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஐந்து மாதம் காத்திருந்தவளுக்கு இது பெரிதா? பிறகு மீசையைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கதவு திறந்துதான் இருக்கு. நான் போறேன்பா."

என் வசனத்தையும் அவளே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. "பேச முடியாத தந்தை! என்ன கட்டுப்பாடு, என்ன நடிப்பு!" என்று பேராசிரியர் என் கையைக் குலுக்கினார். அந்தக் கைக்குள் மீசை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்குள் ஒரு மகத்தான தந்தை விழித்துக்கொண்டார். இழுப்பறையைத் திறந்தேன். என் பார்க்கர் பேனாவால், கண்ணில் நீர் மல்க, அந்தக் கோட்டின்மேல் கையெழுத்திட்டேன். வரலாறு பார்த்துக்கொண்டிருந்தது, வத்சலாவும்தான்.

"இந்தாம்மா. உன் விருப்பப்படி போ."

வசனம் இப்போது ஞாபகம் வந்துவிட்டது.

சியாமளா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"இது வேண்டாம்பா. ஜனவரியிலேர்ந்து சட்டம் மாறிடுச்சு. பதினெட்டு வயசு ஆனா போதும். இது தெரிஞ்சதும் வேற ஃபாரம் வாங்கி, நானே கையெழுத்துப் போட்டு ஏப்ரல்ல அனுப்பிட்டேன். இடம் கிடைச்சாச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தபால் செலவு நான்தான் கொடுத்தேன்" என்றாள் வத்சலா.

"அப்புறம் எதுக்கு வாராவாரம் என்கிட்ட கேட்டே?"

"நீங்க ஒரு தடவையாவது சரின்னு சொல்றதைக் கேட்கணும்னு இருந்துதுப்பா."

பதினோரு வருட ஆராய்ச்சியில் இதற்கு மேற்கோள் ஏதும் அகப்படவில்லை.

மறு வாரம் மன்றத்தின் செய்தி மடல் தயாரானது. நாடகத்துக்கு ரகுநாதன் மதிப்புரை எழுதியிருந்தார்: 'பெற்ற மகளைப் பூட்டி வைக்கும் தந்தையாக நம் தலைவர் நடிக்கவே இல்லை, வாழ்ந்து காட்டினார்.'

தட்டச்சு செய்தவள் சியாமளா. சைக்ளோஸ்டைலில் பிரதிகள் எடுக்குமுன், பிழை இருந்தால் திருத்தச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.

இரண்டு முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை.