தங்கப் பதக்கம் வாங்கிய குடல்

என் வயிற்றுக்குள் கேமராவை விட எந்தக் கொம்பனாலும் முடியாது என்று நான் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை. சத்தமாக எடுக்கவில்லை, மனசுக்குள்தான். சத்தமாக முடிவெடுக்கும் வசதி எங்கள் வீட்டில் எனக்குக் கிடையாது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருபவன். அந்தக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். படிக்க வந்தவர் எதன்மேல் ஏற்றப் போனாலும் நான் மிதித்துவிடுவேன். வீட்டில் அந்த இரண்டாவது பிரேக் என் மனைவியின் காலடியில் இருக்கிறது. ஸ்டியரிங்கும் அவளிடம்தான்.

அவள் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அறுபது டீச்சர்களுக்கு டைம்டேபிள் போடுபவள். எனக்காக எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தாள். நான் இருபதைக் கழித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். உடனே நாற்பதாக்கினாள். அது தெரியாமல் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தவன் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாக எனக்குப் பாத்ரூமில் கொஞ்சம் ரத்தம் போனது. "குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். எந்த வழியாக என்று கேட்டேன். சொன்னார். அதிலிருந்து எனக்கு நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. சூட்டு உடம்பு" என்றேன் வீட்டுக்கு வந்து மனைவியிடம்.

"உங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு. ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டாரு. குடல்ல பாதியை வெட்டி எடுத்தாங்க."

"அவன் வேற, நான் வேற."

"ஆமா, அவருக்காவது கொஞ்சம் பயம் இருந்துச்சு. வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்கு. தேதி வாங்கிட்டேன்."

என் போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்காரர்களின் ஆப் ஒன்றை ஏற்றினாள். நாள், நேரம், எல்லாம் அவளே போட்டாள். டெஸ்டுக்கு முதல் நாள் எதையும் சாப்பிடக் கூடாது. ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் குடித்து, குடலைக் கழுவித் துடைத்த பாத்திரமாக்க வேண்டும். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு டிக். ஒவ்வொரு தடவை பாத்ரூம் போனதற்கும் ஒரு டிக். குடல் சுத்தமாக இல்லாவிட்டால் டெஸ்ட் கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனந்தத்தில்தான்.

புதன்கிழமை மத்தியானம் நாலு வெண்ணெய் பன் வாங்கி, துண்டில் சுற்றி, பாத்ரூம் வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நாலு மணிக்கு மனைவி பொடியைக் கரைத்து ஜாடியை நீட்டினாள்.

"என்னங்க, உங்களை நம்பலாமா?"

"இத்தனை வருஷத்துல நான் உன்னை ஏமாத்தியிருக்கேனா?"

"ஏமாத்தினதில்ல. மாட்டிக்கிட்டிருக்கீங்க."

முதல் டம்ளர் வாஷ்பேசினுக்குள் போனது. டிக் அடித்தேன். "சபாஷ்! உங்கள் குடல் உங்களுக்கு நன்றி சொல்கிறது!" என்றது போனுக்குள் இருந்த பெண் குரல். என் குடல் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

மருந்து வேலை செய்கிற மாதிரி காட்ட வேண்டாமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கதவைச் சாத்தினேன். ஒரு வாய் பன். ஒரு முனகல். ஒரு ஃபிளஷ். டிக்.

"எத்தனையாவதுங்க?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"ஒம்பது! அம்மா... உசுரே போகுதே!"

"பாவம். இன்னும் கொஞ்சம் குடிங்க."

பதினான்காவது ஃபிளஷில் தண்ணீர் தொட்டி காலியானது. மாடி வீட்டுக்காரர் தலையில் சோப்பு நுரையோடு இறங்கி வந்து கதவைத் தட்டினார். என் மனைவி அவரிடம், "இவருக்கு நாளைக்கு டெஸ்ட்" என்றாள். அவர் நுரையோடு எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். ஆப் எனக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. "உங்கள் குடல் இப்போது கண்ணாடி!" நாலு பன் உள்ளே கிடந்த கண்ணாடி.

வியாழன் காலை ஆஸ்பத்திரி. கவுண்டரில் நர்ஸ் என் பெயரைத் தேடினார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு குனிந்தேன்.

"சிஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு. நேத்து நாலு பன் சாப்பிட்டுட்டேன். வெண்ணெய் தடவினது. வீட்டுக்குப் போயிடட்டுமா?"

"நேத்து சாப்பிட்டது பரவாயில்ல சார், இன்னைக்குத்தான் சாப்பிடக் கூடாது. உங்களுக்கு டெஸ்ட் நாளைக்குத்தானே?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையைத் திறந்து, பிரிக்காத பொடிப் பாக்கெட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

"அப்போ நேத்து நான் குடிச்சது?"

"நீங்க எங்க குடிச்சீங்க? வாஷ்பேசின் குடிச்சது வெறும் உப்புச் சர்க்கரைத் தண்ணி. அதுக்குப் பதினாலு தடவை ஓடின ஒரே ஆள் நீங்கதான்."

"ஒருவேளை நான் நிஜமாவே குடிச்சிருந்தா?"

"ஒண்ணுமே வரலையேன்னு என்கிட்ட வந்து நின்னிருப்பீங்க. நிஜப் பாக்கெட்டை உங்க கையிலயே குடுத்திருப்பேன். ரெண்டாவது ஃபிளஷ் வரைக்கும் வெயிட் பண்ணினேன். மூணாவதுக்கு இங்க போன் பண்ணி ரூம் போட்டுட்டேன். நர்ஸ் எதிரிலதான் குடிக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

"பயமா இருக்குங்க. உங்களுக்கு கேமராவைப் பார்த்து பயம். எனக்கு அந்த ரத்தத்தைப் பார்த்து பயம். என் பயம்தான் பெருசு."

அவள் பின்னாலேயே ரூமுக்கு நடந்தேன். சாயங்காலம் நர்ஸ் இரண்டு லிட்டர் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். ஒரே வீச்சம். டம்ளரை வாங்கிக்கொண்டு, மறு கையால் போனைத் தேடினேன். அது மனைவியின் மடியில் இருந்தது.

"குடிங்க" என்றாள். "டிக் நான் போட்டுக்கறேன்."