சுருக்கி அனுப்பிய முகூர்த்தம்

அரைகுறையாகப் படித்தவனிடம் கணினியைக் கொடுக்கலாம், கல்யாண வேலையைக் கொடுக்கக் கூடாது. எங்கள் அப்பா இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்.

சிரம்பானில் கணினிப் படிப்பில் சேர்ந்து ஓர் அரையாண்டுத் தவணைதான் முடிந்திருந்தது. அதற்குள் வீட்டில் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதுகூட என் இலாகா ஆகிவிட்டது. அக்காவின் கல்யாணம் கோலா பிலா பக்கம், எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். தெமியாங்கில் இருந்த நாதஸ்வரக்காரருக்கு அழைப்பிதழை அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

நான் தட்டிய வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினேன்.

“தம்பி, தொறக்கவே மாட்டேங்குது. போட்டோவா அனுப்பு லா,” என்றார்.

படமாக மாற்றினேன். மேலே பிள்ளையார், ஓரத்தில் பூங்கொடி, நடுவில் எழுத்து, எல்லாம் பளிங்கு மாதிரி இருந்தன.

“போன்ல எடம் இல்லயாம் தம்பி. சின்னதா அனுப்பு.”

(‘முகூர்த்தம் காலை ஆறரை’ என்று ஒரு வரி தட்டியிருக்கலாம். அதற்கு எதற்குக் கல்லூரிப் படிப்பு?)

படத்தைச் சுருக்கினேன். சுருக்கியதை மறுபடியும் சுருக்கினேன். கோப்பு சிறுக்கச் சிறுக்க எனக்குக் கர்வம் பெருத்தது. அனுப்புமுன் திறந்து பார்த்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பினார். நானும் ஒன்று அனுப்பி, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. மேளம் வரவில்லை. அப்பா போன் போட்டார்.

“கெளம்பிக்கிட்டே இருக்கோம்ணே. எட்டரைக்குத்தான முகூர்த்தம்?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாழைமரத்தைப் பார்த்தேன்.

“நல்ல நேரம் முடியப் போகுது. தாலிய எடுங்க,” என்று அவசரப்படுத்தினார் குருக்கள்.

குனிந்த தலை நிமிராமல் அக்கா சொன்னாள்: “மேளம் இல்லாம கட்டிக்க மாட்டேன். அவன ஏதாச்சும் பண்ணச் சொல்லுங்க.”

அந்த ‘அவன்’ கைப்பேசியில் கெட்டிமேளத்தைத் தேடிப் பிடித்து மைக்கின் முன் வைத்தான். முதலில் வழுக்கைக்கு மருந்து விளம்பரம் முழங்கியது. மாப்பிள்ளையின் அப்பா தலையைத் தடவிக்கொண்டார். அடுத்து மேளம் வர வேண்டிய இடத்தில் லைன் போய்விட்டது.

அம்மாவின் தம்பி, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர், வேட்டியை மடித்துக் கட்டினார். “லோரி வெளியதான் நிக்குது. நான் ஹாரன் அடிக்கிறேன். நீ வாசல்ல நின்னு கை காட்டுடா.”

“கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்றார் குருக்கள். நான் கையை ஆட்டினேன்.

செம்பனைக் காட்டையே உலுக்கிய ஹாரன் அது. குழந்தைகள் வீறிட்டன. குருக்கள் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார். மாப்பிள்ளை மட்டும் தாலியை விடவில்லை. பெண்கள் சுதாரித்துக் குலவையிட, அட்சதை விழுந்தது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகும் மாமா நிறுத்தவில்லை. நிறுத்த எப்படிக் கை காட்டுவது என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பந்தி நடக்கும்போது மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். நாதஸ்வரக்காரர் கோபத்தோடு கைப்பேசியை நீட்டினார்.

“நீயே பாரு தம்பி. இது ஆறா, எட்டா?”

படம் இலைக்கு இலை கைமாறியது. சிலர் எட்டு என்றார்கள், சிலர் மூன்று என்றார்கள். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த எண்ணின் மேலேயே விரலை வைத்து, “இது பிள்ளையார் இல்ல?” என்று கேட்டார். நாதஸ்வரக்காரர் கைப்பேசியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். பாயசம் முடியும்வரை ஆத்திரம் தீர வாசித்தார்.

அக்காவுக்கு இப்போது பேசத் தெரிந்த ஒரு மகள் இருக்கிறாள். எங்கே லோரி ஹாரன் கேட்டாலும், “யாருக்குக் கல்யாணம்?” என்கிறாள். சொல்லிக்கொடுத்தது அத்தான்தான். போன வாரம் ரெம்பாவ் சாலை நெரிசலில் என் காருக்குப் பின்னால் ஒரு லோரி பொறுமையிழந்து அலறியது. பின் இருக்கையில் பொரி தின்றுகொண்டிருந்தவள், ஒரு கைப்பிடி அள்ளி என் தலையில் போட்டு ஆசீர்வதித்தாள்.