ரப்பர் புகையில் வெந்த கீஷ்

தின்று பார்க்காத பண்டத்தைச் சமைக்கக் கூடாது என்று எங்கும் சட்டம் இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கீஷ் என்பதை அதுவரை நான் தின்றதும் இல்லை, கிட்டே நின்று மோந்ததும் இல்லை. பார்த்தது ஒரே ஒருமுறை, அதுவும் போனில்.

அந்த ஒருமுறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு நான் செய்ததெல்லாம் வெறும் கிறுக்காகத் தெரியும். (கிறுக்குதான். ஆனால் காரணம் உள்ள கிறுக்கு.)

என் மனைவி ஷைனி நர்ஸ். எங்கள் மகள் ஜோனாவுக்கு இரண்டு வயது முடிந்த மாதம் அவள் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனாள். நான் கேரள எல்லையில், பாறசாலைக்குக் கிழக்கே எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளையோடு இருந்தேன். ஜங்ஷனில் போட்டோஸ்டாட் எடுத்து, ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் சின்னக் கடை எனக்கு. தினமும் சாயங்காலம் ஷைனி வீடியோவில் வருவாள். ஜோனா எட்டிப் பார்ப்பாள், ஓடிவிடுவாள். முதலில் விளையாட்டுக்கு ஓடினாள். போகப் போக நிஜமாகவே ஓடினாள். ஷைனி சிரித்துக்கொண்டே "போட்டும், பிள்ளதானே" என்பாள். அப்புறம் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவாள். நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கும்.

ஒருநாள் ஆஸ்பத்திரி கேன்டீனிலிருந்து கூப்பிட்டாள். அவள் கையில் ஒரு தட்டு, அதில் முக்கோணமாக, மஞ்சளாக ஒரு துண்டு. ஓடப் போன ஜோனா நின்றாள்.

"அது என்னது?"

"கீஷ், மக்களே. முட்டையும் சீஸும் பன்னி எறச்சியும் போட்டது."

"எனக்கு வேணும்."

இரண்டு வருஷத்தில் பிள்ளை அவளிடம் ஒன்று கேட்டது அன்றைக்குத்தான். ஷைனி அந்தத் துண்டை அப்படியே போனுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் மூன்று வார லீவு. எனக்குள் வீரம் பொங்கிவிட்டது.

"அம்மா வாற அன்னைக்கு அப்பா உண்டாக்கித் தாறேன். ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னணும், கேட்டியா?" என்றேன். ஜோனா தலையாட்டினாள். ஷைனியும் தலையாட்டினாள். (அவள் தடுத்திருக்கலாம்.)

ஒரே தட்டில் தின்றால் பிள்ளை தாயிடம் ஒட்டிக்கொள்ளும். என் திட்டம் அவ்வளவுதான். அந்த மூன்று வாரத்தில் ஒட்டாவிட்டால், திரும்பிப் போகும்போது ஷைனி போனில் வரும் ஒரு ஆன்டியாகத்தான் போவாள். அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. அவளுக்கு அதைவிட அதிகம் இருந்தது, சொல்லவில்லை.

முட்டைக்குப் பஞ்சமில்லை. சீஸ் நெய்யாற்றின்கரையில் கிடைத்தது. பேக்கன் கேட்டபோது கடையில் நின்ற பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேக்கன் இல்ல அண்ணா. சிக்கன் சாசேஜ் உண்டு, தரட்டா?"

திருவனந்தபுரம் போயிருந்தால் பேக்கன் கிடைத்திருக்கும். ஒரு மணி நேரப் பயணம். ஆனால் போனில், சமையல் வீடியோவில் வந்த ஒரு வெள்ளைக்காரர், பேக்கன் என்பது உப்பு தேய்த்துப் புகை போட்ட பன்றி இறைச்சிதான் என்று சொல்லிவிட்டார். புகையா? எங்கள் வீட்டில் புகைக்கு என்ன குறை?

எங்கள் பக்கத்தில் நாலு ரப்பர் மரம் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புகைப்புரை இருக்கும். பாலை உறைய வைத்து, மெஷினில் போட்டு ஷீட்டாக்கி, கம்பில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே தேங்காய்ச் சிரட்டையும் விறகும் புகைய விடுகிற சின்ன அறை. அதன் வாடையை எழுத்தில் சொல்வது கஷ்டம். புளித்த மாவும் பழைய செருப்பும் சேர்ந்து தீப்பிடித்தால் வருமே, கிட்டத்தட்ட அப்படி என்று சொல்கிறார்கள். சொல்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும், எனக்குத் தெரியாது. ரப்பர் வீட்டில் பிறந்தவன் மூக்குக்கு அந்த வாடை காற்று மாதிரி. விருந்தாளி யாராவது மூக்கைப் பொத்தினால்தான் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு நினைவு வரும்.

ஞாயிற்றுக்கிழமை களியக்காவிளைக்குப் போய் நல்ல கொழுப்புள்ள இறைச்சியாக வாங்கி வந்தேன். உப்பும் கருப்பட்டியும் தேய்த்து ஒருநாள் வைத்தேன். மறுநாள் கயிற்றில் கட்டிப் புகைப்புரைக்குக் கொண்டு போனால் வாசலில் அப்பா நிற்கிறார்.

"எலே, இத எங்க கொண்டு போற?"

"புகை போட."

"எனக்க ஷீட்டு கெடக்கிய எடத்துலயா? நெய் சொட்டினா கிரேடு போவும் மக்கா. ஷீட்டு எடுக்கிய கடக்காரன் கேட்டா என்ன சொல்லுவேன், பன்னி தொங்குச்சு எண்ணா?"

ஷீட்டால் பன்றிக்கு என்ன ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பன்றியால் ஷீட்டுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. ஷீட்டுகளுக்குக் கீழே, ஓரமாக ஒரு கம்பில் தொங்கவிடுவது என்று முடிவானது. இரண்டு நாள் தொங்கியது. இறக்கியபோது நல்ல தேக்கு நிறம். அம்மா மோந்து பார்த்து, "கொள்ளாம், நல்ல புகை மணம்" என்றாள். நான் ஒரு துண்டு வறுத்துத் தின்று பார்த்தேன். பேக்கனின் ருசி எனக்குத் தெரியாது. ஆகவே இதுதான் பேக்கனின் ருசி என்று முடிவு செய்துகொண்டேன்.

அம்மாவுக்கு வேறொரு குறை இருந்தது. "ரெண்டு வருஷம் கழிச்சு வாற பிள்ளைக்கு கெழங்கும் மீனும் வைக்காம இருக்க முடியுமாலே? அவ கோட்டுகால்காரியாக்கும், கடலுப் பக்கத்துல வளந்தவ."

"ஒண்ணும் வைக்காண்டாம். வந்த அன்னைக்கு கீஷ் மட்டும்" என்று நான் உத்தரவு போட்டேன். (என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே உத்தரவு. இன்றுவரை அடுத்தது போடவில்லை.)

ஷைனி வருகிற வியாழக்கிழமை காலையில் எழுந்து மாவு பிசைந்தேன். கை படாத மாதிரி மெதுவாகப் பிசைய வேண்டும் என்று வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த மைதா வேலை பரோட்டா ஒன்றுதான். அடித்து, இழுத்து, மறுபடி அடித்தேன். அதைத் தட்டில் பரத்தி, முட்டையும் பாலாடையும் சீஸும் பேக்கனும் கலந்து ஊற்றி, ஜங்ஷன் பேக்கரிக்குக் கொண்டு போனேன். வீட்டில் ஓவன் கிடையாது. பேக்கரியில் விறகு எரிக்கிற பெரிய போர்மா அடுப்பு இருந்தது. மாஸ்டர் சோமன் அண்ணன் தட்டைக் குனிந்து பார்த்தார்.

"இதெந்தா மக்கா, மூடாத்த பப்ஸா?"

"கீஷ் ஆக்கும் அண்ணா. இங்கிலாந்து பலகாரம்."

"செரி, வச்சிட்டுப் போ. பன்னு எடுக்கும்போ இதையும் எடுத்து வைக்கேன்."

ஜோனாவைக் கூட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏர்போர்ட் போனேன். ஷைனி தள்ளுவண்டியோடு வெளியே வந்து, அங்கேயே குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள். ஜோனா என் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஆன்டிக்க ஷூ கொள்ளாம்."

ஷைனி எழுந்து, சரியாகவே இருந்த பெட்டிகளைச் சரியாக அடுக்கத் தொடங்கினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் கீஷ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் பேக்கரியில் நிறுத்தித் தட்டை வாங்கினேன். கீஷ் கண்ணாடி மாதிரி மின்னியது. "சீனிப்பாகு ரெண்டு தடவ அடிச்சிருக்கேன்" என்றார் சோமன் அண்ணன் பெருமையாக. அவர் போர்மாவை விட்டு வெளியே வருகிற எதுவும் பாகு பூசிக்கொள்ளாமல் வெளியே வந்ததில்லை. பன்னுக்கு அதுதான் முறை. நான் உப்புப் பலகாரம் என்று சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

சூடான தட்டை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் உட்கார்ந்தேன். அரை கிலோமீட்டர் போயிருக்கும்.

"அண்ணா, வண்டிய ஒண்ணு நிறுத்துங்க. டயரு எரியுது" என்றாள் ஷைனி.

டிரைவர் பதறிப்போய் ஓரம் கட்டினார். நாலு டயரையும் தொட்டுப் பார்த்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை என்று ஏறினார். கதவைச் சாத்தியதும் அவருக்கும் வாடை வந்துவிட்டது. மறுபடி இறங்கினார், ஸ்டெப்னியையும் எடுத்து மோந்தார். இவ்வளவு நேரமும் நானும் கவலையோடு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மடியிலிருந்து வருகிறது என்று எனக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை. ஜன்னலை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மேசையில் அப்பா, அம்மா, ஷைனி. ஜோனா என் பக்கத்தில், தாயிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி. கத்தி இறங்கவில்லை. அப்பா போய் ரப்பர் தோட்டத்துக் கத்தியைக் கொண்டு வந்தார். (கழுவிவிட்டுத்தான்.) ஒரே தட்டில் இரண்டு துண்டு வைத்து, ஷைனிக்கும் ஜோனாவுக்கும் நடுவில் தள்ளினேன். அதற்காக ஜோனா ஒரு நாற்காலி நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தாள்.

ஷைனி முதல் வாய் வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. எனக்கும் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷப் பிரிவு, சொந்த வீடு, சொந்தக் கையால் செய்தது, யாருக்குத்தான் நிறையாது?

"எப்படி உண்டு?" என்றேன்.

"நல்லா இருக்கு" என்றாள், வாயைத் திறக்காமல்.

ஜோனா தன் துண்டைக் கடித்தாள். மெல்லவே இல்லை. கண்கள் அகலமாக விரிந்தன. வாய்க்குள் இருப்பதை எங்கே வைப்பது என்று சுற்றிலும் தேடினாள். இப்படிப்பட்ட நேரத்தில் அவள் துப்புவது என் கையில். நான் கையை நீட்டுவதற்குள் ஷைனியின் கை நீண்டுவிட்டது. யோசித்து நீட்டியது இல்லை. எத்தனையோ நோயாளிகளுக்கு முன்னால் நீண்டு பழகிய நர்ஸ் கை அது. ஜோனா அதில் துப்பினாள்.

துப்பிவிட்டு நிமிர்ந்து அந்த முகத்தை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தாள். ஷைனியின் ஒரு கன்னம் நெல்லிக்காய் அடக்கியது போல் புடைத்திருந்தது. பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நீயும் துப்பு" என்றாள்.

ஷைனி என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். அதே கையில் அவளும் துப்பினாள்.

ஜோனா சிரிக்கத் தொடங்கினாள். ஷைனியும் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். "தாத்தாக்க ஷீட்டு மணக்குது" என்று ஜோனா சொல்ல, அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கியது. புகைப்புரை, டாக்ஸி, டயர் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. அப்பா மட்டும் தன் துண்டை நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியேல்லயே. இனிப்புதான் கொஞ்சம் கூடுதல்" என்றார்.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு பாத்திரத்தைக் கொண்டு வந்து வைத்தாள். திறந்தால் மரச்சீனிக் கிழங்கு, பக்கத்தில் நெத்திலிக் குழம்பு. என் உத்தரவுக்கு அந்த வீட்டில் இருந்த மதிப்பு அவ்வளவுதான். ஷைனி கையைக் கழுவிவிட்டு வந்து கிழங்கைப் பிசைந்தபோது, ஜோனா அவள் மடியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'நீயும் துப்பு' என்பது ஒரு பேச்சாகிவிட்டது. பொருந்தாத சட்டையை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், பக்கத்து வீட்டுப் பாயசத்தை யாராவது மரியாதைக்குக் குடித்தால், அப்பாவே சொல்வார்.

லீவு முடிந்து ஷைனி போய் நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் வீடியோவில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நல்லா இருக்கேன், வேலையும் கொள்ளாம்" என்றாள். ஜோனா இப்போது ஓடுவதில்லை. போனுக்கு மிகக் கிட்டே முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று கையை விரித்துத் திரைக்கு முன்னால் நீட்டினாள்.

"துப்பு அம்மா."

ஷைனி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. டியூட்டி முடிந்து வந்தால் அந்த அறையில் பேச ஆளில்லை, இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், இனி தனியாக முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் ஊர் முழுக்க விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவன். மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக எனக்கும் பிள்ளைக்கும் விசா விண்ணப்பம் நிரப்பினேன்.

இப்போது மூன்று பேரும் இங்கிலாந்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம். இங்கே தெருவுக்குத் தெரு கீஷ் கிடைக்கிறது, நாங்கள் வாங்குவதில்லை. போன வாரம் ஜோனா புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். முதல் நாள் முடிந்து வந்தவளிடம் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டோம்.

"நல்லா இருக்கு" என்றாள், ஷூவைப் பார்த்துக்கொண்டு.

ஷைனி கையை நீட்டினாள். ஜோனா ஷூவைக் கழற்றினாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரைமணி நேரம் துப்பினாள்.